காற்றின் பெயர்களைப் பற்றி ஒரு வானொலி நிகழ்ச்சி: எப்படி முன்மொழிவது?

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்)

வணக்கம். எங்கள் பகுதியில் தன்னார்வலர்களே நடத்திவரும் சமுதாய வானொலி ஒன்று இருக்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்கும், நீவாடு என்று நீரோட்டத்துக்கும் எங்கள் கடற்கரைப் பெரியவர்கள் வழங்கும் சொற்களை அவர்கள் குரலிலேயே ஒலிபரப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கச்சான் எந்தத் திசைக் காற்று என்று கேட்டால், கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளே இன்று விழிக்கிறார்கள். வாரம் அரைமணி நேரம் வீதம் ஓராண்டுக்குத் திட்டமிட்டு, நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கருத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இது இன்னும் நிகழ்ச்சியாகவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1 (தன்னார்வ நிகழ்ச்சித் தயாரிப்பாளர்)

அம்மா, முதலில் காலத்தைச் சுருக்குங்கள். சம்பள ஊழியர் இல்லாத நிலையத்தில், ஒவ்வொருவரும் தம் வேலை முடிந்த பிறகு மிஞ்சும் மாலைப் பொழுதில்தான் பதிவும் தொகுப்பும் செய்கிறார்கள். 15 நிமிட நிகழ்ச்சியைத் தொகுக்கவே எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. 52 வாரம் என்று கேட்டால் அவர்கள் தயங்கத்தான் செய்வார்கள். வாரத்துக்கு ஒரு சொல், 15 நிமிடம், 13 வாரம் என்று கேளுங்கள். முதல் நான்கு பகுதிகளை ஒலிபரப்பு தொடங்குமுன்பே முடித்துத் தந்துவிடுவதாகவும் உறுதி சொல்லுங்கள். எழுத்தில் ஒரு பக்கம் போதும்: யார் கேட்பதற்கு, எந்த நேரத்தில், யார் பேசுவார், யார் பதிவு செய்வார், யார் தொகுப்பார். அதனுடன் ஐந்து நிமிட மாதிரி ஒலிப்பதிவு ஒன்றைக் கட்டாயம் கொண்டு போங்கள். ஒலியைத் தொகுக்க உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பழகிய இளைஞர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால் அவர்களுடைய கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

மறுமொழி 2 (நிலைய ஆலோசனைக் குழுவில் இருந்தவர்)

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான அரசு விதி. உங்கள் நிகழ்ச்சி அந்தக் கணக்கில் சேரும் என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள். அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாமே தவிர, நிலையம் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இயலாது. பேச்சு படகுப் பறிமுதல், கைது என்று திரும்பினால் தொகுப்பின்போது கவனமாக இருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. பெரியவர் வானத்தைப் பார்த்து, நாளைக்குக் காற்று அடங்கிவிடும் என்று பதிவின் நடுவே சொல்லிவிடுவார். அது பத்து நாள் கழித்து ஒலிபரப்பாகும்போது, அந்தச் சொல்லை நம்பி ஒருவர் படகை இறக்கிவிடக்கூடும். எனவே ஒவ்வொரு பகுதியிலும் பதிவு செய்த நாளைச் சொல்லுங்கள்; அன்றைக்குரிய கணிப்பு ஏதும் இருந்தால் நீக்கிவிடுங்கள்; ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் அரசுக் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பை நிலையத்தார் தனியே வாசிக்கட்டும். இதை நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் உங்கள் மீது அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

மறுமொழி 3 (நாட்டுப்படகு மீனவர்)

100 வாட் ஒலிபரப்பி பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். தொலைவில் தொழில் செய்பவருக்கு அது கேட்காது. கேட்கப் போவது பெரும்பாலும் கரையில் இருப்பவர்கள்தான். ஆகவே நேரத்தைக் கரையை வைத்து முடிவு செய்யுங்கள், பெண்களையும் பேசவிடுங்கள். எந்தக் காற்றில் கருவாடு ஒரே நாளில் காயும், எதில் ஈரம் கோத்துக்கொள்ளும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதால், அந்த நாள்களில் வலை சரிசெய்துகொண்டு கரையிலேயே இருப்பவர்களை நிதானமாகப் பதிவு செய்யலாம். கரையேற்றிய படகின் காற்று படாத பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியின் மேல் பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டால் இரைச்சல் குறையும். ஒலிபரப்புமுன் பேசியவருக்கு ஒரு முறை போட்டுக் காட்டிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை, துணி போர்த்திய கைபேசியோடு எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் போய், மேற்கிலிருந்து வீசும் கச்சானைப் பற்றிக் கேட்டேன். அவர் வாய் திறக்காமல் ஒரு பிடி மணலை அள்ளி உயரத்திலிருந்து விட்டார். மணல் கிழக்கே சாய்ந்து விழுந்தது. இது வானொலியில் தெரியாதே, விடும்போதே சொல்லுங்கள் ஐயா என்றேன். மறுபடி அள்ளி, மணல் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று சொல்லிக்கொண்டே விட்டார். பதிவு ஆறு நிமிடம் வந்திருக்கிறது. அவரிடம் போட்டுக் காட்டிவிட்டேன்; ஓரிடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு பக்கக் குறிப்போடு வெள்ளிக்கிழமை நிலையத்துக்குக் கொண்டு போகிறேன்.