புள்ளி வரிக் கணக்கை எக்ஸெலிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றுவது எப்படி?

பள்ளத்தூர்_கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நகரச் சிவன் கோயிலின் புள்ளி வரிக் கணக்கு இந்த வருடம் என் கைக்கு வந்திருக்கிறது. செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் தனிப் புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி.

பேரேட்டில் இருந்ததை முன்பு பார்த்தவர் எக்ஸெலில் ஏற்றியிருக்கிறார். ஒரே ஷீட். விலாசம், பெயர், மனைவி பெயர், அப்பா பெயர், இப்போது இருக்கும் ஊர், போன், அதற்கப்புறம் வலப்பக்கமாக 2015 வரி, 2015 ரசீது எண், 2016 வரி, 2016 ரசீது எண் என்று நீண்டுகொண்டே போகிறது. திருவிழா உபயத்துக்கு இன்னொரு ஷீட், அதிலும் அதே பெயர், அதே போன். சென்னைக்கு வீடு மாறியவரின் நம்பரை ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் பழையதுதான் நிற்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே விலாசத்தில் இரண்டு முத்தையா இருக்கிறார்கள், போன வருடம் ஒருவர் கட்டிய பணம் மற்றவர் வரிசையில் ஏறிவிட்டது. ஊரில் ஒருவரும் சென்னையில் ஒருவருமாகத் திருத்துவதால் 'புதியது', 'கடைசி', 'கடைசி2' என்று ஃபைல்கள் வேறு.

டேட்டாபேஸில் போடு என்கிறார்கள். நான் பி.காம். எக்ஸெல் நன்றாக வரும், டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் தெரியாது. எக்ஸெலில் முடியாதது அதில் என்ன இருக்கிறது? பிரைமரி கீ என்றால் என்ன?

டிபிஎம்எஸ்_வாத்தியார்:

கல்லூரியில் இந்தப் பாடம்தான் எடுக்கிறேன், உங்கள் ஷீட்டை அப்படியே போர்டில் போட்டு நடத்தலாம் போல இருக்கிறது. மென்பொருளைப் பிறகு பார்ப்போம், முதலில் ஷீட்டைப் பிரியுங்கள். உங்கள் ஒரே வரிசையில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒருவர் யார் என்பது ஒன்று. அவர் எந்த வருடம் எவ்வளவு கட்டினார் என்பது வேறு. 'புள்ளி' என்று ஒரு டேபிள், 'ரசீது' என்று ஒரு டேபிள். ரசீது டேபிளில் ரசீது எண், புள்ளி எண், ஆண்டு, தொகை, தேதி, அவ்வளவுதான். பெயரோ போனோ அங்கே வரவே கூடாது. வருடம் பிறந்தால் பத்தி அதிகமாகாது, வரிசைதான் அதிகமாகும். போன் ஓரிடத்தில் மட்டும் இருப்பதால் ஒரு தடவை திருத்தினால் போதும், உபயத்துக்கும் அதே புள்ளி எண்தான். பாடத்தில் நார்மலைசேஷன் என்று நடத்துவது இதைத்தான்.

இரண்டு முத்தையா சங்கதிக்கு வருகிறேன். பெயரும் விலாசமும் சேர்ந்தாலும் ஒருவரைத் தனியாகக் காட்டவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். போன் நம்பர் மாறும், அப்பாவும் மகனும் ஒரே நம்பரைக் கொடுப்பதும் உண்டு. அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அர்த்தமில்லாத ஒரு எண் கொடுங்கள், மாறக் கூடாது, திரும்ப வரக் கூடாது. அதுதான் பிரைமரி கீ. ரசீது டேபிளில் அதே எண் வந்து உட்காரும்போது அது ஃபாரின் கீ. இல்லாத புள்ளி எண்ணுக்கு ரசீது போட்டால் டேட்டாபேஸ் ஏற்காது, ரசீது உள்ள புள்ளியை அழிக்கப் பார்த்தாலும் விடாது. எக்ஸெல் இதைத் தானாகச் செய்வதில்லை, மனிதர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் 1970ல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதற்கு முன் தகவலை மரக்கிளை போல அடுக்கி வைப்பார்கள், எந்தக் கிளையில் ஏறி எதில் இறங்குவது என்பதை புரோகிராம் எழுதுபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அடுக்கை மாற்றினால் புரோகிராமும் போச்சு. காட் எல்லாவற்றையும் டேபிளாகப் பார்க்கச் சொன்னார். என்ன வேண்டும் என்று நாம் கேட்டால் போதும், எங்கே கிடக்கிறது என்று தேடுவது மெஷின் பாடு. அந்தக் கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல், 1974ல் அதே ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் முதல் வடிவத்தைக் கொடுத்தார்கள்.

புதுவயல்காரன்:

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஒருவரே உட்கார்ந்து பார்க்கிற கணக்கு என்றால் எக்ஸெலிலேயே இரண்டு ஷீட்டாகப் பிரித்து, புள்ளி எண் போட்டு, ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில் ஓட்டலாம் என்பது என் கருத்து. இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து திருத்துகிறீர்கள் என்பதால்தான் உங்களுக்கு டேட்டாபேஸ் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அண்ணன் தம்பி மூவருக்கும் சேர்த்து ஒரே செக் வருமே? மூன்று ரசீது போட வேண்டும், இரண்டு போட்டதும் கரண்ட் போனால் மூன்றாவது தம்பி பாக்கிக்காரர் ஆகிவிடுவார். டேட்டாபேஸில் மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனாகப் போடலாம். கமிட், அதாவது முடிந்தது என்று உறுதி, ஆனால் மூன்றும் ஏறும், நடுவில் நின்றால் ஒன்றுகூட ஏறாது. பணக் கணக்குக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

பழகிப் பார்க்க எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் போதும், காசு இல்லை, மொத்தமும் ஒரே ஃபைல். ஒன்று கவனியுங்கள், அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும் நாம்தான் போட்டுவிட வேண்டும். அந்த ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பி மாற்றி மாற்றித் திருத்தினால் 'கடைசி2' திரும்பவும் வந்துவிடும். இரண்டு ஊரிலிருந்து வேலை என்றால் போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வரில் ஓடுவதுதான் சரி.

பள்ளத்தூர்_கணக்கு:

ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து எஸ்கியூலைட்டில் இரண்டு டேபிளாகப் போட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். மகன் தனிப் புள்ளி ஆகும்போது அப்பாவோடு எப்படிச் சேர்ப்பது, அப்பா பெயரையே திரும்ப எழுதலாமா? அப்புறம் 2023க்கு வரி பாக்கி யார் என்று கேட்டேன். இரண்டு டேபிளையும் புள்ளி எண்ணால் இணைத்து, அதாவது ஜாயின் செய்தால் கட்டியவர்கள் மட்டும்தான் வருகிறார்கள், கட்டாதவர் ஒருவர்கூட இல்லை.

டிபிஎம்எஸ்_வாத்தியார்:

பெயரை எழுத வேண்டாம், திரும்பவும் முத்தையா குழப்பம்தான். புள்ளி டேபிளிலேயே 'தந்தை புள்ளி எண்' என்று ஒரு பத்தி வையுங்கள், அது அதே டேபிளின் புள்ளி எண்ணைக் காட்டும். ஒரு ஃபாரின் கீ தன் டேபிளையே காட்டலாம், தடையில்லை. உதாரணத்துக்கு 41 முத்தையா, தந்தை 17. 17 சிதம்பரம், தந்தை 5. 5 முத்தையா, தந்தை நல் (NULL). பேரனும் தாத்தாவும் ஒரே பெயரில் இருந்தாலும் 41 வேறு, 5 வேறு. நல் என்றால் தெரியவில்லை அல்லது இல்லை, பூஜ்யம் அல்ல. அதைத் தேடும்போது 'சமம் நல்' என்று எழுதினால் எதுவும் வராது, 'இஸ் நல்' என்று கேட்க வேண்டும். காலமானவரின் வரிசையை அழிக்காதீர்கள், நிலை என்று ஒரு பத்தியில் குறியுங்கள், பழைய ரசீதுகள் அவரைத்தானே காட்டுகின்றன.

பாக்கிக்கு: சாதாரண ஜாயின் இரண்டு பக்கமும் பொருந்துவதை மட்டும் தரும், கட்டாதவருக்கு ரசீதே இல்லையே. லெஃப்ட் ஜாயின் போடுங்கள். புள்ளி எல்லாம் வரும், ரசீது இல்லாத இடத்தில் நல் இருக்கும். அந்த நல் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பாக்கிப் பட்டியல். மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது: 'ஆண்டு 2023' என்ற நிபந்தனையை, டேபிள்களை எப்படி இணைப்பது என்று சொல்லும் ஆன் (ON) பகுதியில் எழுதுங்கள், இணைத்த பிறகு வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால் நல் வரிசைகள் எல்லாம் வடிகட்டப்பட்டு மறுபடியும் கட்டாதவர்கள் காணாமல் போவார்கள்.

புதுவயல்காரன்:

ஒன்று விட்டுப்போயிற்று. ரசீது டேபிளில் புள்ளி எண்ணும் ஆண்டும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று யூனிக் போட்டுவிடுங்கள், ஒரே வரியை இரண்டு பேரும் ஏற்றுவது நிற்கும். தவணையாகக் கட்டுகிறவர்கள் உங்கள் ஊரில் உண்டு என்றால் மட்டும் இதைப் போடாதீர்கள்.

பள்ளத்தூர்_கணக்கு:

பாக்கிப் பட்டியல் வந்துவிட்டது. ஆன் பகுதியில் மாற்றியதும் சரியாயிற்று. தவணை உண்டு அண்ணே, அதனால் யூனிக் போடவில்லை.