பாடகி செலீனா உங்களுக்கு எப்படி அறிமுகமானார்? டெக்சாஸ்காரர்கள் சொல்லுங்கள்

நான் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாண்டில் இருக்கிறேன், பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. செலீனா என்ற பேரை முதன்முதலில் கேட்டது 2011இல், கூட வேலை பார்த்த பெண்ணின் மகளுக்கு நடந்த கின்சியனேரா விழாவில். நம் ஊர் சடங்கு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், வயது மட்டும் கணக்காக 15, பாவாடை கூடாரம் அகலத்துக்கு. சாப்பாடு முடிந்து ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் டிஜே ஒரு பாட்டைப் போட்டார். முதல் வரி தாளமே இல்லாமல் இழுத்து இழுத்து வந்தது. அதுவரை முட்டிவலி என்று நாற்காலியை விட்டு நகராத பாட்டிமார் எல்லாம் எழுந்து ஒரு கையை மேலே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஏதோ காற்றிலிருந்து பூப் பறிப்பது போல இறக்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கையசைவு தெரிந்திருந்தது! பாட்டின் பேர் 'கோமோ லா ஃப்ளோர்', பூவைப் போல என்று அர்த்தமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "யார் பாடியது?" என்று பக்கத்தில் கேட்டுத் தொலைத்தேன். மேசையே அமைதியாகிவிட்டது. நம் கல்யாண வீட்டில் ஒருத்தர் எஸ்பிபி யாருங்க என்று கேட்டால் எப்படிப் பார்ப்போம், அந்தப் பார்வை. தோழியின் அம்மா மட்டும் கோபப்படாமல் கைப்பையைத் திறந்து, மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார். சிவப்பு உதட்டுச்சாயம், பெரிய வளையம், வாய் கொள்ளாத சிரிப்பு. பேரப்பிள்ளைகள் படமெல்லாம் அவருக்கு செல்போனில்தான் இருந்தது, இது மட்டும் தாளில், ஓரம் நைந்துபோய்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நான் தினமும் வண்டி ஓட்டும் 288ஆம் நெடுஞ்சாலையிலேயே இன்னும் கீழே போனால் லேக் ஜாக்சன், செலீனா சிறுமியாக இருந்தது அங்கேதான். 1971இல் பிறந்தவர். அப்பா ஆபிரகாம் கின்டானியா, இளமையில் பாடகர், பிறகு டவ் கெமிக்கல் தொழிற்சாலையில் வேலை. மூன்று பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே இசைக்குழு அமைத்தார். அண்ணன் பாஸ் கிட்டார், அக்கா டிரம்ஸ், கடைக்குட்டி பாட்டு. ஒரு உணவகம் திறந்து அதில் பிள்ளைகளைப் பாடவைத்தார். 80களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் கடையும் போய் வீடும் போய், குடும்பம் கார்ப்பஸ் கிறிஸ்டிக்குக் கிளம்பியது. அதன்பிறகு கல்யாணம், திருவிழா, தெருமுனை என்று பழைய பஸ்ஸில் ஊர் ஊராகப் பாட்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, மீதியைத் தபால் வழியில் முடித்தார்.

நம் ஆட்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறோம், உங்களுக்கெல்லாம் இவர் எப்படி வந்து சேர்ந்தார்?

* * *

அக்கா, நான் நேரிலேயே பார்த்தவன். ஆனால் பார்க்கும்போது யாரைப் பார்க்கிறேன் என்று தெரியாது, அதுதான் வருத்தம்.

1994இல் ஹூஸ்டனுக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். அறைத்தோழன் மெக்சிகோவில் மான்டெரே ஊர்க்காரன். 1995 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்ட்ரோடோமில் ரோடியோ, ஒரு டிக்கெட் மிச்சம், வா என்று இழுத்துக்கொண்டு போனான். காளை மேல் ஏறி விழுகிற கூத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் முடிந்ததும் ஒரு குதிரை வண்டி மைதானத்தைச் சுற்றி வந்தது, அதில் நின்றுகொண்டு ஒரு பெண் கையசைத்தார். அன்று 60 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். உச்சிப் படியில் இருந்த எங்களுக்கு அவர் ஒரு ஊதாப் பொட்டு, அவ்வளவுதான். அந்த ஊதா உடையை அவரே வடிவமைத்தது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். 70களின் ஆங்கில டிஸ்கோ பாட்டுகளைக் கோர்த்துத்தான் ஆரம்பித்தார், அது எனக்கும் தெரிந்ததால் கை தட்டினேன். ஸ்பானிஷுக்கு மாறினதும் முன்வரிசைப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று அறைத்தோழனைக் கேட்டால் அவனும் அழுகிறான். ஒரே இடத்தில் நின்றபடி சுழன்று சுழன்று ஒரு ஆட்டம் போட்டார், அதற்குப் பேரே வாஷிங் மெஷின்.

அடுத்த மாதம் 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மதியம் ஆய்வகத்தில் இருந்தேன். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். மறுநாள் ஏப்ரல் 1 என்பதால் யாரோ முட்டாளாக்குகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஒரு மோட்டலில் வைத்து, ரசிகர் மன்றத் தலைவியாக இருந்து பிறகு துணிக்கடைகளையும் நிர்வகித்த பெண்ணே செலீனாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார். மன்றத்துப் பணம் கணக்கில் இடிக்கிறது என்று அதற்கு முன்பே தகராறு. செலீனாவுக்கு 24 வயது நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. கிறிஸ் பெரெஸுடன் கல்யாணமாகி மூன்று வருஷம் முடிய இரண்டே நாள். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுக்கொண்டு கார்கள் போனதை நான் பார்த்தேன்.

வழக்கு அக்டோபரில் ஹூஸ்டனுக்கு வந்தது, சொந்த ஊரில் நடுநிலையான ஜூரி எங்கே கிடைக்கும். ஆயுள் தண்டனை. 2025இல் பரோல் கேட்டு, கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பேரை என் அறைத்தோழன் இன்றுவரை வாயால் சொன்னதில்லை, 'அது' என்பான்.

* * *

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குப் பாட்டு ஒட்டவே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி ஜிங்குச்சா ஜிங்குச்சா. ஜெனிஃபர் லோபஸ் நடித்த 1997 படத்தைப் பார்த்தேன், கடைசி அரைமணி நேரம் தாங்க முடியவில்லை, அது வேறு விஷயம். உயிரோடு இருந்திருந்தால் இத்தனை பெரிய லத்தீன் பாப் நட்சத்திரமாக ஆகியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

* * *

மேலே உள்ள தம்பிக்கு. முதலில் லத்தீன் பாப் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், இது தெஹானோ. டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் ஆட்களும் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்கா தாளமும், இந்த மண்ணின் மெக்சிகோ வம்சத்தார் கையில் பாஹோ செக்ஸ்டோ என்ற 12 தந்திக் கிட்டாரோடு சேர்ந்து வளர்ந்த இசை. ஜிங்குச்சா என்று உங்கள் காதில் விழுவது கும்பியா, அது கொலம்பியாவில் பிறந்து மெக்சிகோ வழியாக இங்கே வந்தது. செலீனாவின் அண்ணன் ஏ.பி. செய்த வேலை என்னவென்றால் இந்த இரண்டோடும் கீபோர்டையும் பாப், ஆர் அண்ட் பி வாசனையையும் கலந்தது. 1994இல் வந்த 'அமோர் ப்ரோஹிபிதோ' ஆல்பத்தில் பிரிட்டெண்டர்ஸ் என்ற ராக் குழுவின் ஆங்கிலப் பாட்டு ஒன்றை எடுத்து ஸ்பானிஷ் கும்பியாவாக்கி வைத்திருக்கிறார்கள், மூலம் தெரியாதவர்கள் கண்டே பிடிக்க முடியாது. அதே ஆல்பத்தில் 'பிடி பிடி பாம் பாம்' இருக்கிறது. ஆரம்பத்தில் மீன், தண்ணீர், குமிழி என்று வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டிருந்ததுதான் பின்னால் அந்தப் பாட்டானது. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்துக்கு அர்த்தமில்லாத நாலு எழுத்து. நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன, பாதி சினிமாப் பாட்டு அப்படித்தானே.

உங்கள் சந்தேகத்துக்கும் வருகிறேன். தெஹானோ மேடைகள் ஆண்கள் கோட்டை. இந்தப் பெண்ணை வைத்துக் கூட்டம் சேராது என்று கையை விரித்தவர்கள் நிறைய. அப்படி இருந்தும் 1994லேயே கிராமி இசை விருது வாங்கியாயிற்று, மெக்சிகோவில் அரங்கம் நிறைத்தாயிற்று, கோக் விளம்பரத்தில் வந்தாயிற்று, சொந்தமாகத் துணிக்கடை இரண்டு திறந்தாயிற்று. இதெல்லாம் இறந்தபிறகு கிடைத்தது இல்லை. கைக்கு எட்டாமல் போனது ஆங்கில ஆல்பம் ஒன்றுதான். 1989இல் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் பதிவானது ஒரு கைப்பிடிப் பாட்டு. மீதிக்குப் பழைய ஸ்பானிஷ் பாடல்களைச் சேர்த்து 'ட்ரீமிங் ஆஃப் யூ' என்று 1995 ஜூலை 18 அன்று வெளியிட்டார்கள். முதல் நாளே 1,75,000 பிரதி. அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசைப் பட்டியலான பில்போர்ட் 200இல் முதலிடத்திலேயே நுழைந்தது, பெரும்பகுதி ஸ்பானிஷில் உள்ள ஆல்பம் அப்படி நுழைந்தது அதுதான் முதல் தடவை. லத்தீன் பாடகர் ரிக்கி மார்ட்டின் அலை அடித்தது 1999இல், நான்கு வருஷம் கழித்து.

பத்திரிகைக்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. பீப்பிள் இதழ் செலீனா இறந்த சமயத்தில் தென்மேற்கு மாநிலங்களுக்கு மட்டும் செலீனா அட்டை போட்டது, மற்ற ஊர்களுக்கு வேறு அட்டை. செலீனா அட்டை போட்டதெல்லாம் காலி. இத்தனை பேர் வாசிக்கக் காத்திருக்கிறார்களா என்று அப்போதுதான் விழித்து, ஸ்பானிஷ் பதிப்பு ஆரம்பித்தார்கள்.

* * *

கார்ப்பஸ் கிறிஸ்டியில் நாலு வருஷம் இருந்தேன், சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஊரிலிருந்து வந்த அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் மிராதோர் தே லா ஃப்ளோர், செலீனாவின் வெண்கலச் சிலை. தூணில் சாய்ந்து, கையில் மைக், முகம் கடலைப் பார்த்து. முன்பெல்லாம் வந்தவர்கள் பேனாவால் பேரும் இதயமும் கிறுக்கித் தள்ளியதால் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டார்கள். நம் கோட்டைச் சுவர்களுக்கும் இப்படி யாராவது வைத்தால் தேவலை.

சிலையின் காலடியில் வெள்ளை ரோஜாக்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இது கோயில் இல்லை, பாட்டுக்காரி" என்றேன். "பூ வச்சிருக்காங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போனார். எழுத்தைப் படிக்கச் சொல்லி, ஏப்ரல் 71, மார்ச் 95 என்று நான் சொன்னதும் விரல் விட்டு எண்ணினார். "இருபத்திமூணா?" என்று கேட்டு அப்படியே அங்கிருந்த திண்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி தன் கட்டிலிருந்து ஒரு ரோஜாவை உருவி அம்மா கையில் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. காற்று அங்கே எப்போதும் பேய்க்காற்று, அம்மாவின் முந்தானை பறந்து அந்தப் பாட்டியின் முகத்தில் அடிக்க, அவர் அதை எடுத்து மடித்து அம்மா தோளில் போட்டார். நான் கார் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அருங்காட்சியகமும் போகலாம். சிவப்பு போர்ஷே கார், அவர் சேர்த்துவைத்த அலங்கார முட்டைகள், மேடை உடைகள். மார்க்கச்சையில் மினுக்கும் கற்களையெல்லாம் உட்கார்ந்து தானே ஒட்டுவாராம். தையல் தெரிந்தவர்கள் கிட்டப் போய்ப் பாருங்கள்.

* * *

எல்லோரும் மொழியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அவர் வந்து சேர்ந்ததே அந்த வழியாகத்தான்.

டல்லாஸில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு விழாவுக்கு ஒரு பையனுக்குப் பாட்டு கொடுத்தோம், அவன் அப்பா அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம். எழுத்தே தெரியாமல் என்ன தமிழ்ப் பாட்டு என்று கேட்டுவிட்டேன். அரங்கத்தில் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டிருந்த ஆள், சான் அன்டோனியோக்காரர், என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். "செலீனாவும் அப்படித்தான்" என்றார். வீட்டில் பேசியது ஆங்கிலம், ஸ்பானிஷ் வராது, அப்பா ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துக் காட்ட, அர்த்தம் பாதி தெரியாமலே பாடிப் பழகியவர். மேடையில் ஒரு பிசிறு இருக்காது. பேட்டியில்தான் மாட்டிக்கொள்வார், சொல் கிடைக்காமல் ஆங்கிலத்தைச் செருகி, தானே சிரித்துவிடுவார். 1992இல் மான்டெரேயில் பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்போது இந்த அரைகுறை ஸ்பானிஷோடு போய் என்ன ஆகுமோ என்று கூட இருந்தவர்களுக்கு வயிற்றில் புளி. அவர் போய் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து வணக்கம் சொன்னார், மறுநாள் தாள்களில் ஒரே பாராட்டு.

இதற்காக நான் எழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், எழுத்துதான் முக்கியம் என்று இன்னும் சண்டை போடுகிறேன். அந்தப் பையன் மட்டும் ஆங்கில எழுத்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே பாடினான், ழகரம் சுத்தமாக வந்தது, எனக்கே அவ்வளவு வராது.

* * *

பதிவைத் தொடங்கியவள் திரும்ப வந்திருக்கிறேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஜிங்குச்சா தம்பி, நீங்கள் அவருடைய 'நோ மே கேதா மாஸ்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுகிறேன்.

தோழியின் அம்மாவுக்கு இப்போது நடை குறைந்துவிட்டது. ஏப்ரல் 16 செலீனாவின் பிறந்தநாள், அந்த வாரக் கடைசியில் அவரைக் கார்ப்பஸ் கிறிஸ்டிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றரை மணி நேர ஓட்டம். என் வண்டியில் இரண்டு இடம் காலி, விடிகாலை ஐந்துக்குக் கிளம்புகிறேன். புளியோதரை நான் கட்டிவிடுவேன், வெள்ளை ரோஜாவை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், வழியில் வாங்கினால் வாடிவிடும். வருகிறவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள். வழி நெடுக அதே ஒரு பாட்டுதான் ஓடும், இப்போதே சொல்லிவிட்டேன்.