மொசாம்பிக் போகப் பிரெஞ்சு போதுமா?

இளவேனில்: ஒரு தொண்டு நிறுவன வேலைக்காக மபூட்டோ போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம். பிரெஞ்சு ஓரளவு பேசுவேன். ஆப்பிரிக்காவில் அதை வைத்தே சமாளித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். போர்த்துகீசியம் படித்தே ஆக வேண்டுமா?

கடலோடி: கட்டாயம் படியுங்கள். மொசாம்பிக்கில் பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம் எல்லாமே போர்த்துகீசியம்தான். பிரெஞ்சு தெரிந்திருந்தால் வாசிக்கச் சீக்கிரம் வந்துவிடும். காதுக்குப் பழகத்தான் நாளாகும்.

அங்கோலாவின் தலைநகர் லுவாண்டா, மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோ இரண்டிலும் வேலை பார்த்தவன் நான். அங்கோலா, மொசாம்பிக் இரண்டுமே 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றவை. ஆனால் மொழி நிலைமை ஒன்றல்ல. அங்கோலாவின் 2014 கணக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் வீட்டிலேயே போர்த்துகீசியம் பேசுவதாகச் சொன்னார்கள். 2002 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் பல மொழிக்காரர்கள் லுவாண்டாவுக்கு ஓடிவந்தார்கள். அக்கம்பக்கத்தாரோடு பேச அவர்களுக்கு இருந்த பொதுமொழி அது ஒன்றுதான். பாட்டி பேசும் கிம்புண்டு மொழி புரியாத பிள்ளைகளை அங்கே நிறையப் பார்த்தேன். எனக்கு மனசு கனத்துப்போனது.

மொசாம்பிக்கில் 2017 கணக்கெடுப்பின்படி போர்த்துகீசியத்தைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மபூட்டோ சந்தையில் சங்கானா, ரோங்கா என்ற உள்ளூர் மொழிகள் கேட்கும். வடக்கே நம்புலா போனால் மக்குவா. களப்பணி என்றால் போர்த்துகீசியத்தோடு நிற்காதீர்கள். வயதான பெண்களிடம் பேச உள்ளூர் மொழி வேண்டும்.

மழைக்குருவி: பிரெஞ்சுக்கும் இதே கதைதான். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில் பள்ளிக்குப் பிரெஞ்சு, தெருவுக்கு லிங்காலா. மாலி 2023இல் புதிய அரசியலமைப்பு கொண்டுவந்து, பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியையே எடுத்துவிட்டது.

இளவேனில்: நன்றி. ஸ்பானிஷ் பேசும் நாடும் அங்கே உண்டாமே?

கடலோடி: எக்குவட்டோரியல் கினி. அதிலும் அன்னோபோன் தீவு அலாதி. 1778இல் போர்ச்சுகல் அதை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. ஆட்சி மாறியும், போர்த்துகீசியத்திலிருந்து பிறந்த கிரியோல் என்ற கலப்பு மொழியைத் தீவு மக்கள் விடவில்லை. ஃபா த’அம்போ என்ற அந்த மொழியை இன்றும் பேசுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரேசில் போர்த்துகீசியப் பாடங்களில் தொடங்காதீர்கள். மொசாம்பிக்கின் எழுத்து வழக்கு போர்ச்சுகலை ஒட்டியது. போர்ச்சுகலின் ஆர்டிபி ஆப்பிரிக்கா வானொலியை இப்போதே கேட்க ஆரம்பியுங்கள்.