ஸ்விட்ச்சில் ஓடும் போக்குவரத்தைப் பார்க்கப் பழைய ஹப் உதவுமா?

பழைய வண்ணை எழுதியது:

எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக் கடையின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். பில் போடும் கணினிகள் ஒன்பது, கணக்குப் பிரிவுக் கணினிகள் இரண்டு, எட்டுக் கேமராக்களுக்கான ரெக்கார்டர் ஒன்று, கார்டு இயந்திரங்கள் சில என எல்லாமே 16 போர்ட் கொண்ட சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கேபிள் வழியாக ரூட்டருக்குப் போகின்றன. இணைப்பு வேகம் உள்ளே வர நொடிக்கு 100 மெகாபிட், வெளியே போக 20 மெகாபிட். மாலை ஆறரை மணிக்கு மேல், கடையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில், கார்டு தேய்த்தால் பதில் வர ஒரு நிமிடம் வரை ஆகிறது. வரிசையில் நிற்பவர்கள் பொறுமையிழந்து துணியை வைத்துவிட்டுப் போவதை நானே பார்த்தேன்.

எந்தக் கருவி இணைப்பை அடைக்கிறது என்று அறிய, என் மடிக்கணினியை ஸ்விட்ச்சின் காலிப் போர்ட்டில் செருகி, தனக்கு உரியதல்லாத பாக்கெட்டையும் ஏற்கும் ப்ரொமிஸ்க்யுவஸ் நிலையில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட்டினேன். "இந்த முகவரி யாருடையது" என்று விசாரிக்கும் ஏஆர்பி கேள்விகளும் சில பொது அறிவிப்புகளும் தவிர எதுவும் வரவில்லை. கடைப் பரணில் 10 மெகாபிட் ஹப் ஒன்று கிடக்கிறது. அதை ரூட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே போட்டுப் பார்க்கலாமா?

தண்டையார்பேட்டை ஆய்வகம் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் வயர்ஷார்க்கில் குறை இல்லை; ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணைப் படித்து, எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அது அட்டவணை போட்டுக்கொள்கிறது. அதன் பிறகு அந்த முகவரிக்கு வருவதை அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே விடும். அனைவருக்குமான அறிவிப்புகளையும், அட்டவணையில் இன்னும் ஏறாத முகவரிக்கு வருவதையும் மட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். நீங்கள் பார்த்தது அந்த மிச்சத்தைத்தான்.

ஹப்புக்கு முகவரி என்ற ஒன்றே தெரியாது. பலரும் பகிர்ந்துகொண்ட ஒரே கோஆக்சியல் கேபிளைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தது போன்றது அது. ஒரு போர்ட்டில் வரும் மின்சைகையை மற்ற எல்லாப் போர்ட்டிலும் திரும்பச் சொல்லும். ஆகவே நீங்கள் நினைத்தபடி அதில் எல்லாம் தெரியும். ஆனால் அதை அங்கே போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஹப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் மோதல் ஏற்பட்டு இருவரும் மறுபடி அனுப்ப வேண்டும். போகவும் வரவும் சேர்த்தே 10 மெகாபிட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், 100 மெகாபிட் இணைப்பின் நோயைத் தேடப் போய், நீங்களே அதைவிடப் பெரிய நோயை உண்டாக்கிவிடுவீர்கள். அப்போது நாள் முழுவதும் எல்லாமே மெதுவாக ஓடும். மாலையில் மட்டும் குற்றம் செய்யும் கருவி அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். 10/100 என்று எழுதிய ஹப் கிடைத்தாலும் கவனம் தேவை: அதனுள் இரண்டு வேகங்களுக்கும் நடுவே ஸ்விட்ச் போன்ற பாலம் ஒன்று உண்டு, ஒரு வேகத்தில் இணைந்த மடிக்கணினிக்கு மறு வேகத்தில் நடக்கும் பேச்சு முழுதாகத் தெரியாது.

ஒரு போர்ட்டில் ஓடுவதை இன்னொரு போர்ட்டுக்கும் நகலெடுத்து அனுப்பும் போர்ட் மிரரிங் வசதியுள்ள ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, ரூட்டரின் உட்புறத்தில், அதாவது ரூட்டருக்கும் கடை ஸ்விட்ச்சுக்கும் நடுவே போடுங்கள். வெளிப்புறத்தில் போட்டால் ரூட்டர் செய்யும் முகவரி மாற்றத்துக்குப் பிறகு எல்லாக் கணினிகளும் ஒரே முகவரியாகத் தெரியும், யார் என்று பிரிக்க முடியாது. நகல் வரும் மிரர் போர்ட் நிரம்பினால் பாக்கெட்டுகள் தவறிப்போவது உண்டுதான். இரு திசையும் கிகாபிட் வேகத்தில் ஓடும் கேபிளை ஒரு கிகாபிட் போர்ட்டுக்குள் திணித்தால் அது நடக்கும். உங்கள் 120 மெகாபிட்டுக்கு அந்தக் கவலை இல்லை. கார்டு இயந்திரத்தின் பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டது, உள்ளடக்கம் தெரியாது, தெரியவும் வேண்டாம். யார் யாரிடம் எவ்வளவு பேசினார்கள் என்பதே போதும். ஆனாலும் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காசிமேட்டுக் கேபிள் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மிரரிங்கில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சேதமான ஃபிரேமை ஸ்விட்ச் உள்ளேயே எறிந்துவிடும். மிரர் போர்ட்டுக்கு அது வராது. நான் வேலை பார்க்கும் ஐஸ் தொழிற்சாலையில் கடல் காற்று பட்டு, கேபிள் நுனியில் உள்ள ஆர்ஜே-45 முனைகளில் பச்சை பூத்துக் கிடந்தது. மூன்று நாள் வயர்ஷார்க்கைப் பார்த்தும் திரும்ப அனுப்பும் பாக்கெட்டுகளைத்தான் கண்டேனே தவிர, ஏன் திரும்ப அனுப்புகின்றன என்று விளங்கவில்லை. ஸ்மார்ட் ஸ்விட்ச்சின் நிர்வாகப் பக்கத்தில் போர்ட் வாரியாகக் கெட்ட பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அந்த எண் ஏறினால் முதலில் முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். புதுப் பெட்டி வாங்க மனமில்லை என்றால், இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய கணினியில் ஒரு கார்டில் வருவதை மறு கார்டுக்குக் கடத்தும் லினக்ஸ் பிரிட்ஜ் அமைத்து நடுவே வைத்து, டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பதிவு நிரலில் பதிவு செய்யலாம். ஆனால் அந்தக் கணினி நின்றால் கடையின் இணையமும் நிற்கும், பண்டிகை நேரத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

பழைய வண்ணை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கடை திறக்கும் முன் ஸ்மார்ட் ஸ்விட்ச்சைப் பொருத்தி, ரூட்டருக்குப் போகும் போர்ட்டை மிரர் செய்து, இரண்டு மாலைகள் பதிவு செய்தேன். கெட்ட பாக்கெட் எண்ணிக்கை எல்லாப் போர்ட்டிலும் பூஜ்யம். வயர்ஷார்க்கின் உரையாடல் பட்டியலைப் பைட் அளவில் வரிசைப்படுத்தியதும் கேமரா ரெக்கார்டரின் முகவரி முதலிடத்தில் நின்றது. மாலையில் உரிமையாளரின் வீட்டில் டிவியில் எட்டுக் கேமராக்களையும் நேரலையாகத் திறந்து வைக்கிறார்கள். கேமராவுக்கு 4 மெகாபிட் என்றால் 32 மெகாபிட், வெளியே போகும் வழியோ 20. கார்டு இயந்திரத்தின் சிறிய பாக்கெட்டுகள் அந்த வரிசையின் கடைசியில் காத்திருந்தன. நான் பதிவிறக்கத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் பார்வையை கேமராவுக்கு அரை மெகாபிட் மட்டுமே எடுக்கும் குறைந்த தரக் காட்சியான சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றியதில் மொத்தம் 4 மெகாபிட்டாகக் குறைந்தது. நேற்று மாலை கார்டு உடனுக்குடன் ஏற்றுக்கொண்டது. ஸ்மார்ட் ஸ்விட்ச் அங்கேயே இருக்கட்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். மிரரிங்கை மட்டும் அணைத்துவிட்டேன்; அந்தப் போர்ட்டில் யார் வந்து செருகினாலும் கடை முழுவதையும் பார்க்கலாம் அல்லவா.