டிஸ்க் மாட்டினால் மவுஸ் தாவுகிறது, உதவுங்கள்

போன மாதம் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியதிலிருந்து வயர்லெஸ் மவுஸின் பாயின்டர் திக்கித் திக்கி நகர்கிறது, சில சமயம் திரையின் ஓரத்துக்கே தாவிவிடுகிறது. கிளிக்கும் பாதி விழுவதில்லை. படம் வரையும் வேலை எனக்கு, கை ஓடவே மாட்டேன் என்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உள்ள ஆப்டிகல் மவுஸ், விண்டோஸ் 11 லேப்டாப். பேட்டரி மாற்றினேன், சென்சாரைத் துடைத்தேன், டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன், அப்புறம் மவுஸ்பேடும் மாற்றியாயிற்று. வேறு கம்ப்யூட்டரில் இதே மவுஸ் ஒழுங்காக ஓடுகிறது.

பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதுதான் தொல்லை அதிகம். டிஸ்க் இருப்பது ரிசீவரை ஒட்டிய யுஎஸ்பி 3.0 போர்ட்டில். அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும் என்பதால் சந்தேகம் அதன் மேல்தான். தள்ளிச் செருக வேறு போர்ட் இல்லை.

ரிசீவரை எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளிவைத்து இதைச் சரிசெய்தவர்கள் எவ்வளவு நீளக் கேபிள் போட்டீர்கள்?