குதிரைக்குக் கை கொடுத்தவர்கள்: நம்ம ராமநாதபுரம் கரையோரத்து அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

இந்தப் பக்கம் ஆடு, மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் உண்டு. குதிரை என்றால் "மதுரைக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்துவிடுவார்கள். அப்படிச் சொல்லாமல் வந்து நின்றவர்களைப் பற்றி எழுதலாமே என்று ஆரம்பிக்கிறேன்.

எனக்கு வாய்த்தவர் ஒரு டாக்டரம்மா. ராத்திரி நேரம். குதிரை முன்காலால் மண்ணைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, படுத்து உருளுகிறது. போன் போட்டேன். "தீவனத்தை எடுத்துடுங்க, மெதுவா நடத்துங்க. தாடைக்கு அடியில நாடி ஓடும், ஒரு நிமிஷத்துக்கு எண்ணிச் சொல்லுங்க" என்றார். எண்ணினால் 60-ஐத் தாண்டுகிறது. சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். "கிளம்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

கணவர் பைக் ஓட்ட, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "எனக்குக் குதிரைப் பழக்கம் கம்மி. என் வாத்தியாரை லைன்ல வச்சுக்கிட்டுப் பார்க்கிறேன்" என்று நேராகவே சொன்னார். வலிக்கு ஊசி போட்டார். அப்புறம் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே காற்றும் நீரும் கட்டிக்கொண்டால் இரைப்பை வெடித்தே போகலாம், அதற்குத்தான் குழாய் என்றார். அதே குழாயில் லிக்விட் பாரஃபின் இறங்கியது.

விடிந்து லத்தி போட்டதும் அதை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டு மேல் தண்ணீரை வடித்தால், அடியில் மணல்! நம்ம ஊரில் வாசல், கொட்டில் எல்லாமே மணல்தானே. கீழே கிடக்கிற புல்லோடு குதிரை மணலையும் சேர்த்து மேய்கிறது, அது குடலில் தங்கிவிடுகிறது. தீவனத்தைத் தொட்டியில் வை, மாதத்தில் சில நாள் இசப்கோல் உமி கலந்து கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்ரோல் காசை வாங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ராமேஸ்வரத்திலிருந்து:

பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-இல்தான் திறந்தது. அதுவரை யாத்திரைக்காரர்கள் ரயிலில்தான் தீவுக்கு வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டி. அந்தக் காலத்தில் வண்டி ஓட்டிய தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் இப்போது குதிரை இல்லை, ஆனாலும் சாயங்காலம் என் கொட்டிலுக்கு வராமல் இருக்க மாட்டார். சேணத்துக்கு அடியில் வெறுங்கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது சூடாக இருந்தாலோ முடி தேய்ந்திருந்தாலோ, "ஏலே, நாளைக்குப் பூட்டாதே" என்பார், அவ்வளவுதான். சவாரி ஏறியதும் "முன்னாடி வாங்க, பின்னாடி போங்க" என்று ஆளை நகர்த்துகிற பழக்கம் எதற்கென்று அவர்தான் காட்டினார். ஏர்க்கால் குதிரை முதுகை அழுத்தவும் கூடாது, மேலே தூக்கவும் கூடாது, மிதக்க வேண்டும்.

ஏர்வாடியிலிருந்து:

நான் சொல்ல வந்தது லாடம் அடிக்கிற பாய் பற்றி. குதிரை நொண்டியது. தோள்பட்டையில் பிடிப்பு என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பாய் காலைத் தொடவே இல்லை. சிமெண்ட் ரோட்டில் நடத்தச் சொல்லிவிட்டுத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். "இடது முன்னங்கால், குளம்புக்குள்ள" என்றார். குறடை வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று பிடுங்கியது. அங்கே சுரண்டினால் கருப்பாக ஒரு புள்ளி. சீமைக்கருவேல முள், நுனி ஒடிந்து உள்ளே இருந்தது. எடுத்துச் சுத்தம் செய்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்தார். "இதோட விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட டிடி ஊசி போடுங்க. குதிரைக்கு வில்வாதம் (டெட்டனஸ்) சட்டுனு வரும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

பெரியபட்டினத்திலிருந்து:

ஏர்வாடி காக்கா (அண்ணன்) எழுதியதைப் படித்ததும் மார்க்கோ போலோ ஞாபகம் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம்ம பாண்டியக் கடற்கரைக்கு வந்தவர். ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் கடல் வழியாக வாங்குகிறார், வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: இங்கே குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, குதிரை விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை இந்தப் பக்கம் வர விடுவதும் இல்லை. செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! கணக்கில் கொஞ்சம் கூட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வியாபார புத்தி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வாலிநோக்கத்திலிருந்து:

எங்கள் கதை தண்ணீர்க் கதை. குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. எங்கள் போர் தண்ணீர் உப்பு, முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா ஊத்துத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறவர். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். கோடையில் தன் வீட்டுக் குடத்தோடு குதிரைக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார். அவருக்குக் குதிரை என்றால் பயம். வாசலிலேயே குடத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

உச்சிப்புளியிலிருந்து:

லாடக்கார பாய் நம்பர் கிடைக்குமா? எங்கள் குதிரைக்குக் குளம்பு வெட்டி ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது.

ஏர்வாடியிலிருந்து:

பொதுவில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், தம்பி. தர்கா சந்தனக்கூடு திருவிழாவுக்கு முன்னால் இங்கே வருவார். ஆனால் அதுவரை விட்டுவைக்காதீங்க, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்க, கேட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் வேறு குதிரைகள் இருந்தால் ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்துங்க. ஒரு குதிரைக்காக அவ்வளவு தூரம் வந்தால் பஸ் காசுக்கே சரியாகப் போய்விடும். மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு.