பிக்கப் கேம்பருக்குள் புகை வாடை, பின்னால் நாய் இருக்கு

கேள்வி:
பிக்கப் மேல் ஃபைபர் கூடு போட்ட கேம்பர். ஓடும்போது நாய் பின்னால்தான் படுக்கும். காற்றுக்காகப் பின் கண்ணாடியைத் திறந்தால் புகை வாடை வருது. வண்டி முன்னால் போகும்போது புகை எப்படி உள்ளே வரும்?

பதில் 1:
ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், புகை அங்கேயே சுழலும். பின் கண்ணாடி மட்டும் திறந்திருந்தால் அது உள்ளே இழுபடும். பின்பக்கத்தை மூடிட்டு, கூட்டின் முன்பக்க ஜன்னலைத் திறங்க. டெயில்கேட் (பின்பக்கத் தட்டிக் கதவு) ரப்பரையும் பாருங்க: இருட்டில் உள்ளே டார்ச் அடிச்சா, வெளியே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புகை நுழையும் இடம். கீழ் விளிம்பில்தான் பெரும்பாலும் இடைவெளி. சைலன்சர் குழாய் பாடிக்கு அடியிலேயே முடிஞ்சா, விளிம்பைத் தாண்டி நீட்டணும்.

பதில் 2:
வாடை போயிட்டா பிரச்சினை போச்சுன்னு அர்த்தமில்லை. புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. நாய் படுக்கும் உயரத்தில் அலாரம் மாட்டுங்க, அளவு காட்டும் திரை உள்ளதா வாங்குங்க. ஏன்னா அமெரிக்கத் தர அலாரம் 70 பிபிஎம்மில் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு வாயு) கத்த 1 முதல் 4 மணி நேரம் எடுத்துக்கலாம். மேனிஃபோல்டு கேஸ்கெட் (எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்து அடைப்புத் தகடு), குழாய் இணைப்புகளில் கரி படிஞ்சிருந்தா அங்கே கசிவு.

பதில் 3:
ஓடும்போது நாயை முன் கேபினுக்கு மாத்துறதே நல்லது. தள்ளாட்டம், வாந்தி, அசாதாரணத் தூக்கம் தெரிஞ்சா உடனே வெளியே எடுத்து, ஆக்சிஜன் வசதியுள்ள கால்நடை மருத்துவரிடம் போங்க. இந்த வாயு தாக்கினா ஈறு சிவக்கலாம், ஆனா அதுவரை காத்திருக்காதீங்க, எல்லா நாய்க்கும் சிவக்காது. முகாமில் ஜெனரேட்டர் 6 மீட்டருக்கு அப்பால், புகை முனை வண்டியைப் பார்க்காம வெளிப்பக்கம் திரும்பி இருக்கணும்.